1948: ஆளுநர்கள் கரை சேர்த்த அதிபர்

கேள்வி: 1948 அமெரிக்கத் தேர்தல் என்றாலே ட்ரூமனின் எதிர்பாராத வெற்றியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதே நாளில் நடந்த மாநில ஆளுநர் தேர்தல்களுக்கும் அந்த வெற்றிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: மிக நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்க ஆளுநர் நியமனம் பெற்று வருபவர் அல்லர். மக்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாநில நிர்வாகத்தைத் தாமே நடத்துபவர். அந்த ஆண்டு முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஆளுநர்களைத் தேர்ந்தெடுத்தன. அதிபர் போட்டியிலேயே ஆளுநர்கள் நிறைந்திருந்தனர். குடியரசுக் கட்சியின் டியூயி நியூயார்க் ஆளுநர், அவருடன் துணை அதிபர் பதவிக்கு நின்ற ஏர்ல் வாரன் கலிபோர்னியா ஆளுநர். தெற்கே தனிக்கட்சி கண்ட ஸ்ட்ராம் தர்மண்டும் ஃபீல்டிங் ரைட்டும் முறையே தென் கரோலினா, மிசிசிப்பி ஆளுநர்கள்.

டியூயி வென்றதாகத் தவறாகத் தலைப்பிட்ட சிகாகோ டிரிப்யூன் நாளிதழை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் ட்ரூமனின் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த நாளிதழ் வெளியாகும் இல்லினாய் மாநிலத்தில் ட்ரூமன் ஏறத்தாழ 33,600 வாக்கு வித்தியாசத்தில்தான் வென்றார். அதே மாநிலத்தில், அதே நாளில், அவருடைய ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் பெற்ற வித்தியாசமோ சுமார் 5,72,000. யாரை யார் கரை சேர்த்தார்கள் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன.

கேள்வி: அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நிற்காத ஸ்டீவன்சனுக்கு இவ்வளவு பெரிய வெற்றி எப்படிக் கிடைத்தது?

பதில்: அவருடைய நாவன்மையும் குடும்பப் பெயரும் உதவின என்பது உண்மை. அவருடைய பாட்டனார் கிளீவ்லாந்து அதிபராக இருந்தபோது துணை அதிபராக இருந்தவர். சிகாகோ கட்சித் தலைவர் ஜேக்கப் ஆர்வியின் கணக்கும் உதவியது. ஸ்டீவன்சன் செனட் இடத்தை விரும்பினார். பொருளாதாரப் பேராசிரியரான பால் டக்ளஸ் ஆளுநர் பதவியை விரும்பினார். ஆர்வி இருவரையும் இடம் மாற்றி நிறுத்தினார், இருவரும் வென்றனர். எனினும் இந்தத் தேர்தலின் வேர் மேடைகளில் இல்லை, ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

1947 மார்ச் 25 அன்று சென்ட்ரேலியா ஊரின் 5ஆம் எண் சுரங்கத்தில் நிலக்கரித் தூள் வெடித்து 111 தொழிலாளர்கள் மாண்டனர். அது எதிர்பாராத விபத்து அன்று. தூள் ஆபத்தான அளவில் சேர்ந்திருப்பதை மாநிலச் சுரங்க ஆய்வாளர் டிரிஸ்கால் ஸ்கேன்லன் திரும்பத் திரும்ப எழுதி எச்சரித்திருந்தார். அவருடைய அறிக்கைகள் மாநிலச் சுரங்கத் துறை அலுவலகத்தில் தேங்கிக் கிடந்தன. வெடிப்புக்கு ஓராண்டு முன்னரே, 1946 மார்ச்சில், அந்தச் சுரங்கத்தின் தொழிற்சங்க நிர்வாகிகள் நால்வர் ஆளுநர் டுவைட் கிரீனுக்கே நேரடியாகக் கடிதம் எழுதி, தங்கள் உயிரைக் காக்குமாறும் சுரங்கத் துறை சட்டத்தை நிறைவேற்றும்படி செய்யுமாறும் மன்றாடினார்கள். கையெழுத்திட்ட நால்வரில் மூவர் அந்த வெடிப்பில் இறந்தார்கள். சுரங்க ஆய்வாளர்களைக் கொண்டே சுரங்க முதலாளிகளிடம் குடியரசுக் கட்சிக்குத் தேர்தல் நிதி கேட்கப்பட்டதும் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது. செயின்ட் லூயிஸ் போஸ்ட் டிஸ்பாட்ச் நாளிதழ் இவற்றைத் தோண்டியெடுத்து எழுதி, 1948இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் விருதைப் பெற்றது.

மூன்றாவது முறையாக வாக்குக் கேட்டு வந்த கிரீனுக்கு எதிராக ஸ்டீவன்சன் ஊர் ஊராகச் சென்று பேசியபோது இந்தச் சுரங்கத்தை மறக்கவிடவில்லை. மாஸ்கோவையும் பெர்லினையும் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த ஆண்டில், ஒரு மாநிலத்து மக்கள் தங்கள் அரசு அலுவலகத்தில் கவனிக்கப்படாமல் கிடந்த கோப்புகளுக்காக ஓர் ஆளுநரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டின் முடிவுகளில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

கேள்வி: அதிபர் வேட்பாளரின் அலையில்தான் மாநில வேட்பாளர்கள் வெல்வார்கள் என்று படித்திருக்கிறேன். 1948இல் அது தலைகீழாக நடந்ததா?

பதில்: எல்லா இடங்களிலும் அப்படி என்று சொல்ல முடியாது; ஆனால் தலைகீழாக நடந்த மாநிலங்கள் முடிவையே தீர்மானிக்கக்கூடியவையாக இருந்தன. ஒஹையோவில் ட்ரூமனின் வித்தியாசம் வெறும் 7,107 வாக்குகள். அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆளுநர் பதவியைத் தாமஸ் ஹெர்பர்ட்டிடம் இழந்திருந்த ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க் லாஷி, அதே ஹெர்பர்ட்டை இரண்டு லட்சத்துக்கும் கூடுதலான வாக்குகளால் வீழ்த்தினார். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர் வாக்குகள் உண்டு; இல்லினாய்க்கு 28, ஒஹையோவுக்கு 25 இருந்தன, மாநிலத்தில் முந்தியவருக்கே அவை எல்லாம் போயின. இந்த இரண்டு மாநிலங்களும் கைமாறியிருந்தால் ட்ரூமனின் 303 வாக்குகள் 250 ஆகக் குறைந்திருக்கும்; பெரும்பான்மைக்குத் தேவையான 266 எவருக்கும் கிடைக்காமல், முடிவு பிரதிநிதிகள் சபையின் கைக்குப் போயிருக்கும்.

வாக்குச் சீட்டின் அமைப்பையும் இங்கே கவனிக்க வேண்டும். அன்றைய ஒஹையோ சீட்டில் ஒவ்வொரு கட்சியின் வேட்பாளர்களும் ஒரே வரிசையில் மேலிருந்து கீழாக அச்சிடப்பட்டிருப்பார்கள். உச்சியில் உள்ள வட்டத்தில் ஒரு குறியிட்டால் அந்தக் கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்குப் போய்ச் சேரும். லாஷியைப் போன்ற செல்வாக்குள்ள ஓர் ஆளுநர் வேட்பாளருக்காக வட்டத்தில் குறியிட்டவர், தம்மையறியாமலே மற்றவர்களையும் தூக்கிவிடுவார். 1950இல் மீண்டும் செனட்டுக்குப் போட்டியிடவிருந்த ராபர்ட் டாஃப்டின் ஆதரவாளர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டு, 1949இலேயே மாநில அரசியலமைப்பைத் திருத்தும் வாக்கெடுப்பில் வென்று, பதவி வாரியாகத் தனித்தனியே குறியிடும் சீட்டைக் கொண்டுவந்தார்கள்.

டியூயி வென்ற மாநிலங்களிலும் மக்கள் வாக்கைப் பிரித்தே அளித்தார்கள். மிச்சிகனில் தொழிற்சங்கங்களின் ஆதரவோடு நின்ற 37 வயது மென்னன் வில்லியம்ஸ், பதவியிலிருந்த கிம் சிக்லரைத் தோற்கடித்தார். இண்டியானாவில் ஹென்றி ஷ்ரிக்கர், கனெக்டிகட்டில் செஸ்டர் பவுல்ஸ் ஆகிய ஜனநாயகக் கட்சியினர் வென்றனர். பவுல்ஸின் வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளே.

கேள்வி: எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில்தான் வாக்களிப்பு நடந்ததா?

பதில்: இல்லை. லூசியானாவில் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரே வெல்வது அன்றைய தெற்கில் வழக்கம் என்பதால், உண்மையில் பிப்ரவரியில் நடந்த அக்கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே, அதாவது உட்கட்சித் தேர்தலிலேயே, ஏர்ல் லாங் வெற்றியை உறுதிசெய்துவிட்டார். மெய்ன் மாநிலம் செப்டம்பரில் வாக்களித்தது. அந்த முறை 1958 வரை நீடித்தது.

கேள்வி: ஒரு பாடகர் ஆளுநர் பதவிக்கு நின்றார் என்கிறார்களே?

பதில்: நாட்டுப்புறப் பாடகர் ராய் ஆக்கஃப், டென்னசியில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்று கார்டன் பிரவுனிங்கிடம் தோற்றார். கூட்டத்துக்குக் குறைவில்லை, வாக்குத்தான் வரவில்லை. பிரவுனிங்கின் மெய்யான போராட்டம் ஆகஸ்டிலேயே, சொந்தக் கட்சிக்குள் நடந்து முடிந்திருந்தது. நெடுங்காலம் மெம்ஃபிஸ் நகரிலிருந்து மாநில அரசியலை ஆட்டிவைத்த எட்வர்ட் கிரம்பின் ஆட்களை, ஆளுநர் இடத்துக்குப் பிரவுனிங்கும் செனட் இடத்துக்கு எஸ்டெஸ் கீஃபாவரும் ஒருசேரத் தோற்கடித்தார்கள்.

கேள்வி: ஜார்ஜியாவில் ஒரே நேரத்தில் மூன்று ஆளுநர்கள் இருந்தது உண்மையா? 1948இல் அங்கே தேர்தல் வந்தது ஏன்?

பதில்: மூவர் உரிமை கோரியது உண்மை. 1946இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட யூஜின் டால்மட்ஜ், பதவியேற்கும் முன்பே டிசம்பரில் இறந்துவிட்டார். அவருடைய மகன் ஹெர்மன் டால்மட்ஜின் பெயரைச் சிலர் தேர்தலில் கையால் எழுதி வாக்களித்திருந்ததைக் காரணம் காட்டி, 1947 ஜனவரியில் சட்டமன்றம் அவரை ஆளுநராக்கியது. டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்த இடமான டெல்ஃபேர் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) திடீரென்று கண்டெடுக்கப்பட்ட வாக்குகள் அதற்குக் கைகொடுத்தன. அவற்றில் இறந்தவர்களின் பெயர்களும் இருந்ததை அட்லாண்டா ஜர்னல் நாளிதழ் பின்னர் அம்பலப்படுத்தியது. துணை ஆளுநர் மெல்வின் தாம்சன் தமக்கே உரிமை என்றார். பதவி முடிந்த எல்லிஸ் ஆர்னால், தாம்சனிடம் மட்டுமே பொறுப்பை ஒப்படைப்பேன் என்றார். அவருடைய அறையின் பூட்டை ஹெர்மன் தரப்பினர் மாற்றிவிடவே, ஆர்னால் தலைமைச் செயலகத்தின் நடுக்கூடத்தில் இருந்த தகவல் மேசையை அலுவலகமாக்கிக்கொண்டார். மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன் அரசு முத்திரையைத் தம் சக்கர நாற்காலியின் மெத்தைக்கு அடியில் மறைத்துவைத்தார். மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம், அடுத்த பொதுத்தேர்தல் வரை தாம்சனே ஆளுநர் என்று தீர்ப்பளித்தது. அதனால்தான் 1948இல் இடைத்தேர்தல் வந்தது. செப்டம்பர் 8 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் ஹெர்மன் தாம்சனை வென்றார்.

இவற்றைப் பலரும் வேடிக்கைக் கதையாகவே சொல்லிவருகிறார்கள். எனக்கு அந்த மனம் வரவில்லை. கறுப்பின மக்களை உட்கட்சித் தேர்தலில் சேர்த்துக்கொள்ளாத முறையை நீதிமன்றங்கள் நீக்கியபின் நடந்த தேர்தல் அது. வெள்ளையர் மேலாதிக்கத்தை மீட்பதாகச் சொல்லியே ஹெர்மன் வாக்குக் கேட்டார். அன்று மான்ட்கமரி கவுண்டியில் வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய ஒரு கறுப்பின இளைஞர், மனைவி மக்களின் கண்ணெதிரே சுடப்பட்டு, இரண்டு நாளில் இறந்தார். சுட்டவரை ஜூரி விடுவித்தது.

வேட்பாளர் தேர்வில் வாக்குகளை எண்ணும் முறையும் நியாயமாக இல்லை. மாநிலத்தின் 159 கவுண்டிகளில் மிகப் பெரிய எட்டுக்குத் தலா 6, அடுத்த முப்பதுக்குத் தலா 4, எஞ்சிய 121க்குத் தலா 2 என அலகுகள் வழங்கப்பட்டன. கவுண்டியில் முதலிடம் பெற்றவருக்கு அதன் அலகுகள் எல்லாம் போய்ச் சேரும். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வாழ்ந்த ஃபுல்டன் கவுண்டிக்கு 6 அலகு என்றால், மூவாயிரம் பேர்கூட இல்லாத எக்கோல்ஸ் கவுண்டிக்கு 2 அலகு. 1946 வேட்பாளர் தேர்வில் யூஜின் டால்மட்ஜ் வாக்கு எண்ணிக்கையில் பின்தங்கியும் இந்த அலகுக் கணக்கால்தான் வென்றார்.

கேள்வி: அந்த ஆண்டு வென்றவர்களும் தோற்றவர்களும் பின்னர் என்ன ஆனார்கள்?

பதில்: ஸ்டீவன்சன் மாநிலக் காவல்துறை நியமனங்களைக் கட்சிப் பிடியிலிருந்து மீட்டுத் தகுதி அடிப்படைக்கு மாற்றினார், 1952இல் அதிபர் பதவிக்கு நின்று ஐசனோவரிடம் தோற்றார். பவுல்ஸ் 1950இல் கனெக்டிகட்டை இழந்து, மறு ஆண்டே இந்தியாவுக்கான தூதராக வந்தார். மிச்சிகனின் வில்லியம்ஸ் தொடர்ந்து ஆறு முறை வென்றார். ஹெர்மன் டால்மட்ஜ் 1957இல் செனட்டுக்குச் சென்று 24 ஆண்டுகள் அங்கே இருந்தார். துணை அதிபர் போட்டியில் தோற்ற ஏர்ல் வாரன் 1953இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அவர் தலைமையிலான நீதிமன்றமே 1963இல் ஜார்ஜியாவின் கவுண்டி அலகு முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது.