துடுப்பு முளைத்த பூனை மீனை எதால் பிடிக்கும்?

கேள்வி: அலையாத்திக் காடுகளில் வாழும் மீன்பிடிப் பூனை இன்னும் 50 லட்சம் ஆண்டுகளில் சீல் போலக் கடல் விலங்காகிவிடும்தானே? நான்கு துடுப்பும் மீன்வாலும் வைத்து நான் வரைந்த படத்தை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: படம் அழகு. ஆனால் அந்தப் பூனை பட்டினியால் செத்துவிடும்.

சீல் மீனை வாயால் கவ்வும். பூனைக் குடும்பமோ முன்னங்காலால் அமுக்கிவிட்டுத்தான் கடிக்கும், முகமும் குட்டை. மீன்பிடிப் பூனை கரையில் பதுங்கி ஒரே அடியில் மீனை வாரி எடுக்கிறது, சில நேரம் தலைகுப்புறப் பாய்கிறது. அதன் நகங்கள் உறைக்குள் முழுக்கப் போகாது, நுனி எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரலிடைச் சவ்வைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது. மற்ற பூனைகளோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் பிரமாதமில்லை. ஆகவே முன்னங்காலில் கை வைக்காதீர்கள். அகல வேண்டியது பின்பாதம். கடல் நீர்நாயைப் பாருங்கள்: பின்பாதம் துடுப்பாகிவிட்டது, முன்கை கையாகவே இருக்கிறது.

மீன்வாலை அழித்துவிடுங்கள். மீன்பிடிப் பூனையின் வால் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். நீர்நாய்க்கு அடி பருத்த வால் முன்பே இருந்தது, அதை வைத்து உந்தியது. சீலுக்கு வால் வெறும் குட்டைத் துண்டு. அது பக்கவாட்டில் வீசுவது பின்னங்கால்களை.

அடுத்தது கண். நிலத்து விலங்கின் விழிவெண்படலம் (கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிந்த படலம், கார்னியா) தண்ணீருக்குள் ஒளியை வளைக்கும் சக்தியை ஏறக்குறைய இழந்துவிடும், எல்லாம் மங்கலாகும். சீலுக்கு உருண்டையான வில்லை அதைச் சரிக்கட்டுகிறது. உங்கள் பூனைக்கும் அது வேண்டும், கூடவே மூடிக்கொள்ளும் மூக்கும் காதும். உப்பைப் பற்றி மட்டும் கவலையே வேண்டாம். பூனையின் சிறுநீரகம் கடல்நீரைவிட அடர்த்தியான சிறுநீரை இப்போதே பிரிக்கிறது!

காலக்கணக்கும் உதைக்கிறது. கனடாவின் டெவன் தீவில் 2007இல் கிடைத்த புயிஜிலா என்ற சீல் உறவினத்துக்கு வயது 2 கோடி ஆண்டுக்கு மேல். அதற்குத் துடுப்பு கிடையாது. நான்கு காலும் நீண்ட வாலும் கொண்ட நீர்நாய் மாதிரிதான் இருந்தது. 50 லட்சத்தில் சீல் கேட்பது பேராசை. கிடைத்தால் பூனை முகத்தோடு ஒரு நீர்நாய் கிடைக்கலாம்.

அதற்கும் இடம் காலியாக இருக்க வேண்டுமே? சுந்தரவனத்திலும் கோதாவரி முகத்துக் கோரிங்காவிலும் நீர்நாய்கள் கூட்டமாக வேட்டையாடுகின்றன. அவற்றோடு நீச்சலில் போட்டியிட்டு 5 முதல் 16 கிலோ எடையுள்ள, தனியே திரியும் பூனை ஜெயிக்காது. சேறும் நாணலுமான ஆழமற்ற தண்ணீரில்தான் அதன் பிழைப்பு. நானாக இருந்தால் கதையை இலங்கையில் தொடங்குவேன். அங்கே மீன்பிடிப் பூனை உண்டு. நீர்நாயில் ஒரே இனம்தான், அதுவும் ஆறு குளங்களை நம்பியது. கடற்கழிகள் ஓரளவு காலி.

கடைசியாக, படத்தில் குட்டிகளைக் காணோம். 63 முதல் 70 நாள் சுமந்து, கண் திறக்காத இரண்டு மூன்று குட்டிகளை ஈனுகிறது இந்தப் பூனை. அவை தண்ணீரில் மிதக்காது. கடல் நீர்நாய்க் குட்டி கண் திறந்து, மிதக்கும் மயிரோடு பிறக்கிறது. அந்த மாற்றம் வரும்வரை தாய் கரையேறித்தான் ஆக வேண்டும். ஓதம் ஏறாத மேட்டில், நாணலுக்குள் காய்ந்த பொந்து ஒன்றையும் வரைந்து அனுப்புங்கள்.