வங்கியில் அப்ரண்டிஸாகச் சேரலாமா, வீட்டிலிருந்து பரீட்சைக்குப் படிக்கலாமா?

பி.காம் முடித்துவிட்டு, அரசு வங்கி ஒன்றில் ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்குத் தேர்வாகியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் சேர்வதா, கிளார்க் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே தயாராவதா என்பது உங்கள் கேள்வி.

சேருங்கள். ஆனால் பரீட்சைக்குப் படிப்பதை ஒரு நாளும் விடாதீர்கள். நானும் இந்த வழியாக வந்தவள்தான். இப்போது கவுண்டரில் கிளார்க்காக இருக்கிறேன்.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் நடக்கும் பயிற்சி. கையில் வருவது உதவித்தொகை, சம்பளம் கிடையாது. ஸ்டேட் வங்கி 2023-ல் 6,160 இடங்களுக்கு அறிவிப்பு விட்டபோது மாதம் 15,000 ரூபாய் என்றார்கள். இந்தியன் வங்கி 2024-ல் 1,500 பேருக்கு அழைப்பு விட்டபோது நகரக் கிளைகளுக்கு 15,000, கிராம, சிறுநகரக் கிளைகளுக்கு 12,000. வருஷம் முடிந்ததும் சான்றிதழ் தருவார்கள், வேலை தரமாட்டார்கள். "அப்படியே நிரந்தரமாக்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வழியே கிடையாது. இன்னொன்று, ஓரிடத்தில் இந்தப் பயிற்சியை முடித்தவர் வேறு வங்கியில் மறுபடி அப்ரண்டிஸாகச் சேர முடியாது. அதனால் எந்த ஊர், எந்தக் கிளை என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்படியிருந்தும் ஏன் சேரச் சொல்கிறேன்?

நான் இருந்தது ஒரு சிறுநகரக் கிளை. முதல் இரண்டு மாதம் ஜெராக்ஸ் எடுப்பதும் பழைய செலான்களைக் கட்டிவைப்பதுமாகப் போனது. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். அப்புறம், 'மே ஐ ஹெல்ப் யூ' மேஜையில் இருந்த அக்கா நீண்ட விடுப்பில் போனதால் என்னை அங்கே உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்துதான் வங்கி என்றால் என்ன என்று புரிய ஆரம்பித்தது.

ஒரு பாட்டி வந்தார். மஞ்சப்பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, "நூறு நாள் வேலைக் காசு மூணு மாசமா ஏறல சாமி" என்றார். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் உண்மையிலேயே வரவு இல்லை. கணக்கில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. கூட வந்த பேரனின் போன் நம்பர்தான் பாட்டியின் ஆதாரில் இருந்தது. ஓடிபி வாங்கி ஆதார் தளத்தில் பார்த்தோம். அவர் ஆதார் வேறொரு வங்கியோடு இணைந்திருந்தது. எப்போதோ தெருவில் குடை போட்டு உட்கார்ந்து கணக்கு திறந்தவர்களிடம் பாட்டி கைரேகை வைத்திருக்கிறார். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கியோடு ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போகும். மூன்று மாதக் காசும் பத்திரமாக அங்கே கிடந்தது. படிவம் எழுதி, கைநாட்டு வாங்கி, இணைப்பை எங்கள் கிளைக்கு மாற்றினோம். அடுத்த மாதம் பாட்டி ஒரு பை முருங்கைக்கீரையோடு வந்தார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கை உயிர்ப்பிப்பது, நாமினி போடாமல் இறந்தவரின் மனைவியிடம் என்னென்ன தாள் கேட்பது, நவம்பரில் வாழ்நாள் சான்றுக்காகக் காலை எட்டரைக்கே வாசலில் நிற்கும் பென்ஷன்தாரர்களை எப்படி உட்காரவைப்பது, இதெல்லாம் எந்தக் கோச்சிங் சென்டரிலும் வராது. அரசு வங்கிகளுக்கு ஆளெடுக்கத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ்ஸே 2025-லிருந்து கிளார்க் பதவியின் பெயரை 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று மாற்றிவிட்டது. நீங்கள் பழகப்போவது அந்த வேலையைத்தான்.

பரீட்சைக்கும் கொஞ்சம் உதவி உண்டு. ஸ்டேட் வங்கியில் பயிற்சியை முடித்தவர்களுக்கு, அதே வங்கியின் கிளார்க் மெயின் தேர்வில் 2.5 சதவீதம், அதாவது 200-க்கு 5 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கிறது. கட் ஆஃப் அரை மார்க்கில் தட்டிப்போன யாரிடமாவது கேளுங்கள், ஐந்து மார்க்கின் அருமையைச் சொல்வார்கள். மற்ற வங்கிகளில் என்ன சலுகை என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள்.

படிக்க நேரம் கிடைக்குமா? எனக்கு விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு வரை கிடைத்தது. சாயங்காலம் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் வரும் எல்லாத் தேர்வுகளுக்கும் விண்ணப்பியுங்கள், அதற்குத் தடையில்லை. எனக்கு முதல் முயற்சி போய், இரண்டாவதில்தான் கிடைத்தது.

சேர்ந்த முதல் வாரமே மேனேஜரிடம் போய், "சார், என்னை 'மே ஐ ஹெல்ப் யூ' மேஜையில் போடுங்கள்" என்று கேளுங்கள். நான் இரண்டு மாதம் கேட்காமல் இருந்துவிட்டேன். நீங்கள் அந்த இரண்டு மாதத்தை இழக்க வேண்டாம்.