சூடு தெரியாத கை: அம்மாவின் சிரிங்கோமையீலியா

தோசைக்கல் பட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தது, ஆனால் நூல் உரசினால்கூட உணர்கிறார், எப்படி என்று கேட்டிருந்தீர்கள். என் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

சிரிங்கோமையீலியா என்றால், தண்டுவடத்துக்குள் ஒரு நீர்ப்பை மெல்லப் பெரிதாவது. வலி, சூடு உணர்த்தும் நரம்புகள் நடுவில் குறுக்கே கடப்பதால் முதலில் அவைதான் நசுங்கும். தொடுவுணர்வு பின்பக்கமாகப் போவதால் தப்பிவிடும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'கியாரி' என்று இருக்கிறதா பாருங்கள். சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருப்பதுதான் அது; இந்த நீர்ப்பை வர அதுவும் ஒரு காரணம். இருந்தால் நரம்பியல் அறுவை மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். அறுவை சிகிச்சை பெரும்பாலும் மேலும் மோசமாகாமல் தடுக்கத்தான். போன உணர்வு முழுதாகத் திரும்பாமல் போகலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அதுவரை அடுப்பில் இடுக்கி இல்லாமல் எதையும் தொட விடாதீர்கள். குளிக்கும் வெந்நீரை நீங்கள் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். இருமினால் பின்தலை வலிக்கிறதா? மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.