ஆறு குறைகள் எழுதியிருக்கிறார்கள், குழந்தையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் 8 மாதக் குழந்தையை உரிமம் பெற்ற காப்பகம் ஒன்றில் விடுகிறேன். சமீபத்திய ஆய்வறிக்கையில் ஆறு குறைகள். உணவுப் பட்டியல் ஒட்டப்படவில்லை, ஒரு பணியாளரின் முதலுதவிச் சான்றிதழ் காலாவதி, ஒரு குழந்தையின் தடுப்பூசிச் சீட்டு இல்லை, முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி இல்லை, டயப்பர் மாற்றிய பின் பணியாளர் கை கழுவாமல் பால் புட்டியை எடுத்தார், தூங்கும் குழந்தையின் தொட்டிலில் போர்வையும் பொம்மையும் கிடந்தன. "ஆய்வுக்கு வருகிறவர்கள் எதையாவது எழுதத்தான் செய்வார்கள்" என்கிறார் பொறுப்பாளர். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பொறுப்பாளர் சொல்வது பாதி உண்மை. இந்த ஆய்வு வேலையை நான் 19 வருடம் பார்த்தேன். எதையுமே எழுதாமல் திரும்பிய இடங்கள் மிகக் குறைவு. குறையே இல்லாத அறிக்கையைப் பார்த்தால், எழுதியவருக்கு அன்று என்ன அவசரமோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

முதல் நான்கும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரி செய்துவிட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். மீதி இரண்டும் அப்படியல்ல.

கை கழுவாத விஷயம் சோம்பலாகவும் இருக்கலாம், இடம் அமைந்த விதமாகவும் இருக்கலாம். டயப்பர் மாற்றும் மேசையிலிருந்து கை எட்டும் தூரத்தில் குழாய் இல்லையென்றால், அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு யாரும் நாலு அடி நடந்து போய்க் கழுவ மாட்டார்கள். அந்தக் குழாயிலேயே பால் புட்டியையும் கழுவுகிறார்களா என்று பாருங்கள், அது கூடாது. இன்னொன்று, மேசையில் கிருமிநாசினியைத் தெளித்த கையோடு துடைத்துவிடுவார்கள். கிருமிநாசினிப் புட்டியில் எழுதியிருக்கும் நேரம் வரை மேசை ஈரமாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசனை மட்டும்தான் மிச்சம்.

தொட்டில்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. முகத்தில் துணி மூடினால் விலக்க முடியாமல் போகலாம், சத்தமும் வராது. 1990களில் பல நாடுகள் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, குழந்தைகளின் திடீர் உறக்க மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

அப்புறம், கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் போர்வையை யார் கொடுத்தது? நான் தொட்டிலிலிருந்து எடுத்தவற்றில் பாதிக்கு மேல் வீட்டிலிருந்து பையில் வைத்து அனுப்பியவை. "அம்மா கொடுத்தது, எப்படி வேண்டாமென்பது?" என்பார்கள். உங்கள் பையிலும் இருந்தால் எடுத்துவிடுங்கள். குளிர்ந்தால் உடுப்பு மாதிரிப் போட்டுவிடும் தூக்கப்பை போதும்.

அறிக்கையில் வராத ஒன்றும் உண்டு. நான் உள்ளே போனதும் யாரிடமும் பேசாமல் தலைகளை எண்ணுவேன், பிறகுதான் வருகைப் பதிவேட்டைக் கேட்பேன். ஓரிடத்தில் பதிவேட்டில் 14, எனக்குக் கிடைத்தது 13. பதினான்காவது பிள்ளை விளையாட்டுச் சாமான் அறையில் மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைக் காணோம் என்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. நீங்களும் பணியாளரிடம் "இப்போது எத்தனை பேர்?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். காகிதத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

முந்தைய இரண்டு அறிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். ஆறு புதுக் குறைகளைவிட, மூன்று முறையும் திரும்பத் திரும்ப வரும் ஒரே குறை மோசம். பிறகு ஒரு நாள், கூட்டிவரும் நேரத்தில் இல்லாமல், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விட மறுத்தாலோ, தொட்டிலில் மறுபடியும் போர்வை கிடந்தாலோ, அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டிய கட்டணம் போனால் போகட்டும்.