‘அவங்க ஆளுங்களே அப்படித்தானா?’

கேள்வி: கன்னியாகுமரி கடற்கரைக்குப் பக்கத்தில், தங்கும் அறைகளோடு ஒரு ஓட்டல் நடத்துகிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். சமையல் மாஸ்டர் மார்த்தாண்டம் பக்கம். அறை சுத்தம் செய்யும் அக்காமார் கடலோர ஊர்க்காரர்கள். சப்ளையும் பாத்திரம் கழுவுவதும் அசாம், ஒடிசா பையன்கள். அந்தப் பையன்கள் எதற்கும் ‘சரி சார்’ என்பார்கள், ஆனால் வேலை நடக்காது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்புவதில்லை. அக்காமார் சரியாக சீசனில்தான் லீவு கேட்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் மூன்று கூட்டமாக உட்காருகிறார்கள். வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட்டு ஒரு நாள் ‘பண்பாட்டுப் பயிற்சி’ நடத்தலாம் என்கிறார் நண்பர். பலன் இருக்குமா?

பதில்: அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். வேறு இரண்டு செலவுக்கு அது தேவைப்படும்.

நீங்கள் சொன்ன நாலு குறையிலும் ‘அவங்க ஆளுங்க அப்படி’ என்ற முடிவு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் செய்யும் காரியத்துக்கு அவருடைய குணமே காரணம் என்று பார்த்துவிட்டு, அவர் மாட்டியிருக்கும் நிலைமையைக் கவனிக்காமல் விடுவது மனிதர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இதை ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்று குறிப்பிட்டார். அடுத்தவர் வேறு மொழி பேசுகிறவராக இருந்துவிட்டால் இந்தப் பிழை இன்னும் சுலபமாக நடக்கும். குணத்துக்குப் பதிலாகப் ‘பண்பாடு’ என்று சொல்லிவிடுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊருக்குப் போனவர் திரும்பாத கதையை எடுங்கள். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு வழிக்கே மூன்று நாளுக்கு மேல். பத்து நாள் லீவு கொடுத்தால் அதில் ஆறு நாளுக்கு மேல் ரயிலிலேயே போய்விடும். வீட்டில் இருப்பது மூன்று நாள். அதற்குள் திரும்ப யாருக்கு மனம் வரும்? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். நீங்கள் கடைசி வாரத்தில் ‘சரி, போய்ட்டு வா’ என்றால் அவருக்கு டிக்கெட் கிடைக்காது, திரும்பி வருவதற்கும் கிடைக்காது. அதனால் லீவை இரண்டு மாதம் முன்பே உறுதி செய்யுங்கள். இருபது நாளுக்குக் குறையாமல் கொடுங்கள். முன்பணத்தைக் குறைத்துக்கொண்டு, அந்தத் தொகையில் திரும்பி வரும் டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். முதல் செலவு இது.

‘சரி சார்’ விஷயத்தில் ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை நிறுத்துங்கள். முதலாளி கேட்கும்போது ‘புரியல’ என்று சொல்லும் தைரியம் உங்கள் மார்த்தாண்டம் மாஸ்டருக்காவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய யாராவது உங்கள் தெருவிலேயே இருப்பார். அரபு முதலாளி முன்னால் எத்தனை முறை தலையாட்டினார் என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால் ‘எப்படிச் செய்யப் போற, காட்டு’ என்று கேளுங்கள். அப்புறம், இந்தியில் கத்துவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அசாமியா, வங்காளம், போடோ, ஒடியா, சாத்ரி என்று அவர்களுடைய வீட்டு மொழி எதுவாகவும் இருக்கலாம், இந்தி அவர்களுக்கும் அரைகுறைதான். தமிழ் பழகிவிட்ட மூத்த பையன் ஒருவர் இருப்பாரே, அவருக்கு மாதப் படி கொடுத்துப் பொறுப்பாக்குங்கள். இப்போது அந்த வேலையை அவர் சும்மா செய்துகொண்டிருப்பார். இரண்டாவது செலவு இதுதான். ‘ஏ இந்திக்காரா’ என்று கூப்பிடும் வழக்கம் இருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிடுவது காசு செலவில்லாத காரியம்.

அக்காமார் லீவுக்கு வருவோம். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கார்த்திகை பிறந்ததிலிருந்து ஜனவரி நடு வரைக்கும். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிவது டிசம்பர் 3. உங்கள் ஊர் அலங்கார உபகார மாதா திருவிழாவும் டிசம்பரில்தான், பிறகு கிறிஸ்துமஸ். சீசன் வந்து அவர்கள் திருவிழா மேல் விழுகிறது, அவர்கள் என்ன செய்வார்கள்? தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி நாலு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. அந்த ஐந்தை நீங்களாக எழுதி ஒட்டாதீர்கள். ஜூன் மாதமே எல்லாரையும் உட்கார வைத்து யாருக்கு எந்த நாள் உயிர் என்று கேளுங்கள். ஓணம் ஒருவருக்கு, சிவராத்திரிக்கு சிவன் கோயில்களை ஓடியே சுற்றும் சிவாலய ஓட்டம் இன்னொருவருக்கு. அசாமின் மாக் பிஹு நம் பொங்கலோடு வரும், ஆகவே ஜனவரியில் இரண்டு தரப்பும் ஒன்றாகக் கேட்கும், அதற்கு இப்போதே தயாராகுங்கள். டிசம்பரில் பையன்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடும் முன் அவர்களையும் கேட்டுவிடுங்கள். ஒடிசாவின் சுந்தர்கர் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்கள்.

மூன்று கூட்டமாகச் சாப்பிடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நாள் முழுக்க அரைகுறைத் தமிழில் திண்டாடுகிறவருக்கு அரை மணி நேரமாவது தன் மொழியில் பேசத் தோன்றும். கவனிக்க வேண்டியது வேறு. மேசையில் யார் உட்காருகிறார், பின்கட்டில் யார் தரையில் உட்காருகிறார்? மீன் துண்டு கடைசியில் யாருக்கு இல்லாமல் போகிறது? வெவ்வேறு கூட்டத்தார் சேர்ந்து இருப்பதால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது. சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலிடத்து ஆதரவு எல்லாம் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். உங்கள் ஓட்டலில் ஒரு மாடிக்கு ஒரு அக்கா, ஒரு பையன் என்று ஜோடி போட்டு அந்த மாடியின் பொறுப்பை இருவருக்கும் சேர்த்துக் கொடுங்கள். டிப்ஸும் சமமாகப் பிரியட்டும். வாரத்தில் ஒரு வேளை பையன்கள் கடுகெண்ணெயில் சமைக்கட்டும். மாஸ்டர் முணுமுணுப்பார், விடுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை. மதத்தையும் மாட்டிறைச்சியையும் வைத்துக் கேலி செய்வதை முதல் நாளே நிறுத்துங்கள். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காடு கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். உங்கள் ஊழியர்களின் வீட்டிலும் இருக்கலாம். கேலி செய்தவர் மாஸ்டரே ஆனாலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள், ஆனால் தனியாக. சமையல்காரரைப் பத்துப் பேர் முன்னால் திட்டினால் மறுநாள் உங்களுக்கு இட்லி மாவு கிடையாது.