திரையை மாற்ற ரூட் எதற்கு? லினக்ஸ் கேள்வி பதில்

திரை அமைப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: சாதாரணப் பயனர் தன் திரையைத் தானே மாற்றிக்கொள்ள முடியுமா, அதற்கு நிர்வாகியின், அதாவது ரூட்டின், கடவுச்சொல் வேண்டுமா?

கேள்வி: சார், எங்கள் கல்லூரி லேபில் எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ், திரையில் படம் காட்டுவது எக்ஸ் சர்வர்தான். ரெசல்யூஷன் மாற்ற மாணவர்கள் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுகிறார்கள். பேசாமல் சூடூ (ரூட்டாகக் கட்டளையிடும் அனுமதி) கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எட்சி கோப்புறையில் இருக்கும், எக்ஸ் சர்வரின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்ஆர்க் கோப்பு மொத்தக் கணினிக்கும் பொது. ஒரு மாணவர் தப்பாகத் திருத்தினால், அடுத்து வந்து உட்காருபவருக்கும் கருப்புத் திரைதான். 2007-ல், ஓடும்போதே திரையை மாற்ற உதவும் எக்ஸின் நீட்சியான ரேண்டர் 1.2 வந்த பிறகு அதைத் தொடவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. ரெசல்யூஷன், திரையைச் சுழற்றுவது, இரண்டாவது திரை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதெல்லாம் எக்ஸ்ரேண்டர் கட்டளையிலேயே முடியும், ரூட் இல்லாமல். ஆனால் வெளியேறினால் மறந்துவிடும். அதனால் அந்தக் கட்டளையை மாணவரின் ஹோமில் (அவரது சொந்தக் கோப்புறையில்) ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். இணையத்தில் எல்லோரும் டாட் எக்ஸ்புரொஃபைல் என்பார்கள். டெபியனில் அதை நம்பாதீர்கள், அங்கே டாட் எக்ஸ்செஷன்ஆர்சி என்ற கோப்புதான் படிக்கப்படும். இதில் ஒருநாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: அண்ணா, எக்ஸ்ரேண்டரில் பிரைட்னஸ் பாதியாகக் குறைத்தேன். திரை மங்குகிறது, ஆனால் லேப்டாப் பேட்டரி முன்பு மாதிரியேதான் தீர்கிறது. ஏன்?

பதில்: நீங்கள் விளக்கைக் குறைக்கவில்லை, படத்துக்கு மை பூசியிருக்கிறீர்கள்! அந்தக் கட்டளை காமாவை (படத்தின் நிற அளவை) மட்டும் மாற்றும்; பின்னால் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். உண்மையான விளக்கு, சிஸ் கோப்புறையின் பேக்லைட் பகுதியில் ஒரு சின்னக் கோப்பு; அதில் எழுத ரூட்டுக்கு மட்டும்தான் அனுமதி. சிலர் அந்தக் கோப்பை எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிடுவார்கள். கணினியை அணைத்துப் போட்டால் அனுமதி பழையபடி ஆகிவிடும், காரணம் அது வட்டில் இருக்கும் கோப்பே அல்ல, லினக்ஸின் மையமான கெர்னல் காட்டும் தோற்றம். நிரந்தரமாக வேண்டுமென்றால் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவுக்கு விதி எழுதி வீடியோ என்ற பயனர் குழுவுக்கு அனுமதி கொடுப்பது பழைய வழி. கணினியின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் 243-ஆம் பதிப்புக்குப் பிறகு அதுவும் தேவையில்லை: திரைமுன் உட்கார்ந்திருக்கும் பயனருக்காக சிஸ்டம்டியின் லாகின்டி சேவையே வெளிச்சத்தை மாற்றிக்கொடுக்கும். பிரைட்னஸ்சிடிஎல் என்ற சிறு கருவி அதைப் பயன்படுத்துகிறது. எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினியிலிருந்து வந்தவர் கேட்டால் லாகின்டி மறுத்துவிடும், அதுவும் நியாயம்தானே.

கேள்வி: பழைய புரொஜெக்டரில் 1024-க்கு 768 தவிர வேறு எதுவும் காட்டவில்லை.

பதில்: முதலில் விஜிஏ கேபிளை மாற்றிப் பாருங்கள். தன்னால் எதெல்லாம் முடியும் என்று திரை சொல்வது 12, 15-ஆம் பின்கள் வழியாகத்தான். அவை உடைந்தாலும் படம் வரும், தகவல் வராது. கேபிள் சரியென்றால், நீங்கள் கேட்கும் ரெசல்யூஷனுக்குக் கணக்குப் போட்டு சிவிடி கட்டளை தரும் மோடு வரியை எக்ஸ்ரேண்டரில் சேர்க்கலாம். இதற்கும் ரூட் வேண்டாம். ஒன்று, 1366 கேட்டால் சிவிடி 1368 என்று தரும். அது அகலத்தை எட்டின் மடங்காகத்தான் தரும், 1366 எட்டால் வகுபடாது, அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

கேள்வி: இப்போது எக்ஸை விட்டு, அதற்குப் பதிலாக வந்த வேலேண்டுக்கு மாறிவிட்டேன். எக்ஸ்ரேண்டர் எதையும் மாற்றவில்லையே?

பதில்: மாற்றாது. அங்கே திரை முழுக்க, சாளரங்களைச் சேர்த்துப் படமாக்கும் காம்பாசிட்டர் கையில். எக்ஸ்ரேண்டர் பார்ப்பது பழைய நிரல்களுக்காக ஓடும் எக்ஸ்வேலேண்டை மட்டும். டெஸ்க்டாப்பைப் பொறுத்து வழி மாறும்: பிளாஸ்மாவில் கேஸ்கிரீன் டாக்டர், ஸ்வேயில் அதன் கான்ஃபிக் கோப்பு, குனோமில் செட்டிங்ஸ். எதற்கும் ரூட் வேண்டாம்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, சார். மாணவர்கள் வால்பேப்பரை மாற்றக் கூடாது.

பதில்: குனோம் என்றால், அதன் அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃபில் நிர்வாகி பூட்டுப் போடலாம். ஆனால் எக்ஸில் எக்ஸ்ரேண்டர் அந்தப் பூட்டை மதிக்காது, அதனால் ரெசல்யூஷனைப் பூட்டிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: தப்பாக மாற்றிவிட்டேன், குனோமில் ஒன்றும் தெரியவில்லை!

பதில்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி, வரும் எழுத்துத் திரையில் லாகின் செய்து, ஹோமின் டாட் கான்ஃபிக் கோப்புறையில் மானிட்டர்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பை நீக்குங்கள். அப்புறம் மறுபடி லாகின்.