வைஃபை 7 வாங்கினா ரெண்டாங்கட்டு வரைக்கும் நெட் இழுக்குமா?

கேள்வி: மகளுக்கு லேப்டாப் வாங்கணும், காரைக்குடியில பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கா. கடையில கிட்டத்தட்ட ஒரே விலைக்கு ரெண்டு காட்டுறாங்க. ஒண்ணு 8 ஜிபி ராம், வைஃபை 7. இன்னொண்ணு 16 ஜிபி ராம், வைஃபை 6. ரெண்டுலயும் எஸ்எஸ்டி 512 தான். எங்களது பழைய வீடு, ரவுட்டர் முகப்புல இருக்கு, ரெண்டாங்கட்டுக்குப் போனா சிக்னலே இல்ல. வைஃபை 7னா உள்ள வரைக்கும் இழுக்கும்னு கடைக்காரத் தம்பி அடிச்சுச் சொல்றாரு. நம்பலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: நம்பாதீங்க ஆச்சி. லேப்டாப் மட்டும் 7ஆ இருந்து பிரயோசனமில்ல, ரவுட்டரும் 7ஆ இருக்கணும், இல்லைன்னா லேப்டாப் கீழ எறங்கி ரவுட்டருக்குத் தெரிஞ்ச பழைய முறையிலதான் பேசும். அதைவிட முக்கியம் உங்க சுவரு. வைஃபை அலைவரிசையில 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவா இருந்தாலும் சுவரைத் தாண்டி கொஞ்சமாச்சும் போகும், 5 வேகமா இருக்கும் ஆனா ரெண்டு சுவர்ல தளர்ந்துடும், வைஃபை 7ல பெருசாப் பேசுற 6 கிகாஹெர்ட்ஸ் அதுக்கும் முன்னாடியே படுத்துரும். நம்மூரு செங்கலும் சுண்ணாம்பும் வெயிலையே உள்ள விடாது, இதையா விடப்போகுது?

வேகக் கணக்கும் பாத்துருங்க. ஒரே ஆன்டெனா உள்ள வைஃபை 5 கார்டே பேப்பர்ல 433 எம்பிபிஎஸ், நிஜத்துல பாதி வந்தாலும் உங்க நெட் லைன் 100 எம்பிபிஎஸ்னா அதுவே தாராளம். அதனால ஸ்பெக் ஷீட்ல 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கா, ஆன்டெனா 2 பை 2வான்னு (அனுப்ப ரெண்டு, வாங்க ரெண்டு) மட்டும் பாருங்க, வைஃபை 6 போதும். ப்ளூடூத்ல 5.2வா 5.3ஆன்னு மண்டையை உடைக்க வேண்டாம், ஹெட்செட்டுக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்.

சிக்னலுக்கு வழி வேற. முகப்புலேருந்து ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிளை நிலைக்கு மேலாக்க ஓரமா இழுத்து, வளவுப் பத்தியில ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிள்ல வர்ற நெட்டை அங்கேருந்து வைஃபையா விடுற பெட்டி) மாட்டுங்க (ஆத்தங்குடிக் கல்லுத் தரையை மட்டும் யாரையும் கொத்த விட்றாதீங்க). வளவு முற்றம் வானம் பாத்தது, எதிர்ப் பத்தி வரைக்கும் குறுக்க சுவரே இல்ல, அறைக் கதவைத் திறந்து வச்சா உள்ளயும் வரும். ரெண்டாங்கட்டுக்கு அதே மாதிரி இன்னொண்ணு. கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், தெரு விட்டு தெரு போற வீட்டுக்கும் பத்தும். பழைய ரவுட்டர் சும்மா கெடந்தா, ஆக்சஸ் பாயிண்ட் மோட் இருக்கான்னு பாத்து அதையே போடலாம்.

ஆக, 16 ஜிபி தான் என் ஓட்டு. 8ல விண்டோஸ், ப்ரவுசர், கிராபிக்ஸ் எல்லாம் பங்கு போட்டுக்கிட்டது போக, பாப்பா ஆண்ட்ராய்டு எமுலேட்டரை (லேப்டாப்புக்குள்ளயே போன் மாதிரி ஓடுற சாஃப்ட்வேர்) திறந்தா மிஷின் திணறும். ஒரே ஒரு விஷயம், அந்த 8 ஜிபி மாடல்ல ராம் ஸ்லாட் காலியா இருந்தா பின்னாடி கூட்டிக்கலாம், ஆனா மெலிசான லேப்டாப் நெறையாதுல ராமை போர்டோட சால்டர் பண்ணிடுறாங்க, பில் போடுறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட மாடல் நம்பரை வாங்கி கம்பெனி சைட்ல பாத்துக்கங்க.